ஒரே மேசையில் ஐந்து பாட்டில்

போன சனிக்கிழமை லண்டனிலிருந்து மச்சான் டார்பிக்கு வந்திருந்தான். வந்ததும் வராததுமாக, நான் கராஜில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்த பாட்டில்களைத் தூக்கி ஃபிரிட்ஜுக்குள் வைக்கப் போனான்.

"வேண்டாம் மாப்ளே, அங்கயே இருக்கட்டும்."

"சூடான பீரையா அத்தான் குடிக்கச் சொல்றீங்க?"

சூடு இல்லை. பப்களின் நிலவறையில் பீப்பாய்கள் இருக்கும் குளிர்ச்சி, அதாவது 11 முதல் 13 டிகிரி. ஏப்ரல் மாதத்தில் எங்கள் கராஜே அந்தக் குளிரில்தான் இருக்கும். சொன்னால் நம்ப மாட்டான் என்று, லண்டன் பிரைட் என்கிற பீரில் ஒன்றை மட்டும் முதல் நாளே ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். அதை ஒரு கிளாஸிலும் கராஜில் இருந்ததை இன்னொரு கிளாஸிலும் ஊற்றிக் கொடுத்தேன். ஃபிரிட்ஜில் இருந்ததில் அவனுக்குத் தெரிந்தது கசப்பும் வாயுவும் மட்டும்தான். மற்றதைக் குடித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் "நாரத்தங்காய்த் தோல்" என்றான். ஆங்கிலேயர்கள் இந்த பீரைப் பற்றிப் பேசும்போது மார்மலேட், அதாவது ஆரஞ்சுத் தோல் ஜாம், என்பார்கள். மார்மலேடை விட நாரத்தைதான் சரி. அதில் இருக்கிற மெல்லிய கைப்பு அப்படியே இதில் இருக்கிறது. அதற்கு அடியில் பிஸ்கட் வாசம், முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து, அதாவது மால்ட்டிலிருந்து வருவது. குளிர் அதிகமானால் இந்த இரண்டும் நாக்குக்கு எட்டாது.

லண்டன் பிரைட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பப்பில் பீப்பாயிலிருந்து வருவதில் ஆல்கஹால் 4.1 சதவீதம், பாட்டிலில் இருப்பதில் 4.7. பெயர் ஒன்று, பீர் இரண்டு. பப்பில் குடித்ததை மனதில் வைத்துக்கொண்டு பாட்டிலை எடை போடக் கூடாது. இதை வடிக்கிற புல்லர்ஸ் கம்பெனியின் மதுவாலையை 2019-ல் ஜப்பானின் அசாஹி வாங்கியதும் "இனி அவ்வளவுதான்" என்று பலர் சொன்னார்கள். என் நாக்குக்கு இன்றுவரை வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்தது கார்ன்வாலின் செயின்ட் ஆஸ்டல் மதுவாலையில் வடிக்கிற ப்ராப்பர் ஜாப், 5.5 சதவீதம். மாரிஸ் ஆட்டர் என்கிற உள்ளூர் பார்லி வகையும், பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் பூவில் அமெரிக்க வகையும் சேர்ந்தது. பம்பளிமாஸ் வாசம், சுத்தமான கசப்பு. நல்ல பீர். இதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மூன்றாவது பாட்டிலான ஜெய்ப்பூர்தான் மச்சானைத் தூக்கிப் போட்டது. டார்பிஷையரின் தார்ன்பிரிட்ஜ் மதுவாலை 2005-ல் தொடங்கியபோதே வடித்த பீர், 5.9 சதவீதம். பின்னாளில் ப்ரூடாக் பீர் கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவரான மார்ட்டின் டிக்கி அப்போது அங்கேதான் வேலை பார்த்தார். இன்று கிராஃப்ட் பீர் என்று இந்த நாட்டில் சொல்வதற்கெல்லாம் ஒரு வேர் இந்தப் பாட்டிலில் இருக்கிறது என்பது என் எண்ணம். மூடியைத் திறந்ததும் ஆரஞ்சும் தேனும் அறை முழுக்க வந்துவிட்டன.

ஆனால் அந்த வாசத்துக்கு ஆயுசு குறைவு. ஹாப்ஸ் தூக்கலான பீரில் முதலில் போவது மணம்தான். சில மாதங்களில் பழவாசம் மங்கி, கசப்பும் ஒரு பாகு இனிப்பும் மட்டும் மிஞ்சும். பாட்டிலில் போட்டிருக்கும் கடைசித் தேதி இன்னும் தள்ளியே இருக்கும். பீர் கெட்டிருக்காது, ஆனால் வடித்தவர் நினைத்த பீராகவும் இருக்காது. இதே ஜெய்ப்பூரை இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கடையின் தள்ளுபடி அலமாரியில் எடுத்து, குடித்து, "இதற்கா இவ்வளவு பேர்?" என்று எழுதியும் வைத்தேன். அந்தக் குறிப்பை இப்போது அடித்துவிட்டேன். நான் குடித்தது ஜெய்ப்பூரை அல்ல, அதன் வயதை.

வெளிச்சமும் இதே மாதிரி ஒரு எதிரி. அன்று நல்ல வெயில் இருந்ததால் மச்சானுக்கு அதையும் காட்டினேன். மீதி இருந்த பிரைடை இரண்டு கிளாஸில் பிரித்து, ஒன்றை ஜன்னல் ஓரம் வெயிலில் வைத்தேன், இன்னொன்றை அலமாரிக்குள் மூடி வைத்தேன். கால் மணி நேரம். ஜன்னல் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனவன் முகத்தைச் சுளித்தான். ரப்பர் கருகின மாதிரியும் அழுகின வெங்காயம் மாதிரியும் ஒரு வாடை. ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சத்தில் உடைந்து ஒரு கந்தகச் சேர்மம் உண்டாகிறது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். பழுப்புக் கண்ணாடி இதைப் பெருமளவு தடுக்கும், பச்சை கொஞ்சம், நிறமில்லாத கண்ணாடி அநேகமாகத் தடுக்கவே தடுக்காது. கடையில் குழல் விளக்குக்கு நேர் கீழே நிற்கும் வெள்ளைப் பாட்டிலை, எவ்வளவு பிடித்த பெயராக இருந்தாலும், நான் எடுப்பதில்லை. அட்டைப்பெட்டிக்குள் இருப்பதைக் கேட்டு வாங்குவேன்.

சரி, நான்காவது பாட்டிலுக்கு வருகிறேன், அதன் பெயரே 1845. புல்லர்ஸ் கூட்டு நிறுவனம் தொடங்கி 150 ஆண்டு ஆனதற்காக 1995-ல் வடித்தது, 6.3 சதவீதம். இது பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடு இருக்கிற வகை. உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனை அந்த ஈஸ்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுவதால் பழசாவது மெதுவாக நடக்கிறது, அதுவும் நல்ல திசையில். ஒரு நாள் முழுக்க நிற்க வைத்து, வண்டல் அடியில் படிந்த பிறகு, கிளாஸைச் சாய்த்து ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். நடுவில் பாட்டிலை நிமிர்த்தினால் வண்டல் கலங்கிவிடும். மச்சானையே ஊற்றச் சொன்னேன். கை நடுங்காமல் ஊற்றி, அடியில் ஒரு விரல் அளவு விட்டு நிறுத்தினான். செம்பு நிறம், மேலே இரண்டு விரல் நுரை.

இந்தப் பாட்டில் என் கராஜில் ஒன்றரை வருடம் இருந்தது. கருப்பட்டி, உலர்ந்த திராட்சை, அப்புறம் கோல்டிங்ஸ் ஹாப்ஸின் மண்வாசம். ஜெய்ப்பூர் மாதிரி வாசலிலேயே வந்து கூப்பிடாது. இரண்டாவது மடக்குக்குப் பிறகுதான் பேசத் தொடங்கும். அரை கிளாஸ் தாண்டியபோது "அத்தான், இது இன்னும் மாறிக்கிட்டே இருக்கு" என்றான். அன்றைய ஐந்தில் எனக்கு முதல் இடம் இதற்குத்தான்.

கடைசியாக டாட்காஸ்டரின் சாமுவேல் ஸ்மித் மதுவாலையின் ஓட்ஸ் ஸ்டவுட் என்கிற கருப்பு பீர், 5 சதவீதம். கருப்பை முதலில் குடித்திருந்தால் மற்றது எதுவும் நாக்கில் ஏறியிருக்காது என்பதால் இதைக் கடைசிக்கு வைத்தேன். வறுத்த காப்பிக்கொட்டை, ஓட்ஸ் தருகிற அந்த வழவழப்பு. மச்சானுக்குப் பிடித்தது இதுதான், நான் எவ்வளவு சொல்லியும் 1845-க்கு இரண்டாம் இடம்தான் கொடுத்தான்.

ஞாயிறு மாலை கிளம்பும்போது இருப்பில் இருந்த இன்னொரு 1845-ஐக் கேட்டு வாங்கிப் பையில் படுக்க வைத்தான். ரயிலில் குலுங்கிக்கொண்டு போகும், வீட்டுக்குப் போனதும் நிமிர்த்தி வை, திங்கட்கிழமை ராத்திரிக்கு முன்னால் திறக்காதே என்று ஸ்டேஷனில் இரண்டு தரம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை போட்டோ அனுப்பியிருந்தான்: கிளாஸில் துளிக் கலங்கல் இல்லை.