பகலில் தூங்குகிறவர்களுக்கு ஓர் இடம்

பம்பை அண்ணன் வாசிப்பதைப் பாதியில் நிறுத்தினார். தோலை நடுவிரலால் இரண்டு தட்டுத் தட்டினார், காதைக் கிட்டே கொண்டுபோனார், பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். ராத்திரி ஒரு மணி இருக்கும். மாசிப் பௌர்ணமி நிலா கடல்மேல் பரவிக் கிடந்தது. மேடைக்கு முன்னால் மணலில் குழந்தை குட்டிகளோடு ஊரே உட்கார்ந்திருந்தது. கணீரென்று விழ வேண்டிய பம்பை, நனைந்த கோணிச் சாக்கை அடித்ததுபோல் விழுந்தது. பக்கத்தில் போனேன். "தம்பி, நெருப்பு எங்க?" என்றார்.

நெருப்பு இல்லை. நெருப்பு மூட்ட வழியில்லாத இடத்தில் 42 கலைஞர்களைக் கொண்டுவந்து தங்க வைத்திருந்தோம். அந்த இடத்தைக் கை காட்டியவன் நான்.

இது 2018-ல். காரிமங்கலத்தில் எங்களுக்குப் பந்தல் கடை. அப்பா காலத்தில் மூங்கிலும் தென்னங்கீற்றும், என் காலத்தில் சாமியானாவும் இரும்புக் குழாயும். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று ஓடுகிற தொழில். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடந்தால் கூத்துக் கொட்டகை எங்களுடையதாக இருக்கும். பாரதப் போரின் முடிவை நடத்திக் காட்டும் படுகளத்தன்று மண்ணில் பிடித்த துரியோதனனைச் சுற்றி வருகிற சனத்துக்கு நிழல் போடுவதும் எங்கள் வேலைதான். அப்படிக் கொட்டகை போட்டுப் போட்டுக் கூத்து ஜமாக்களோடு ஒட்டிக்கொண்டேன். மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில், மாசி மகத்தையொட்டி மூன்று நாள் நாட்டுப்புற இசை விழா எடுத்தவர்கள் என்னைக் கூப்பிட்டதும் அதனால்தான். "உங்க பக்கத்துக் கலைஞர்கள்தான் பாதிப் பேர். தங்குறதுக்குக் கூடாரம் நீங்களே போடுங்க, இடத்தையும் நீங்களே பாத்துச் சொல்லுங்க."

இடம் பார்க்கப் போனது ஒரு விடியற்காலை. கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டி, கரையில் இறங்கும்போது சூரியன் அப்போதுதான் எழுகிறது. கல்லும் செம்மண்ணும் பார்த்து வளர்ந்தவன். ஒரு முளைக்குச்சி இறக்க எங்கள் ஊரில் கடப்பாரையால் பத்துக் குத்துக் குத்த வேண்டும். அந்தக் காலையில் காலடியில் மாவுபோல மணல், கரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிசாகக் காற்று, எதிரே தண்ணீர் பொன்னாக மின்னுகிறது. மேடைக்குக் கூப்பிடு தூரத்தில், கடலைப் பார்த்தபடி திறந்த மணல்வெளி. இதைவிட நல்ல இடம் யாருக்கு வாய்க்கும் என்று நினைத்தேன். அரை மணி நேரம் நின்றேன், படம் எடுத்து அனுப்பினேன், திரும்பிவிட்டேன்.

அந்த அரை மணி நேரத்துக்காக இன்றும் வருந்துகிறேன். நான் பார்த்தது காலை ஆறு மணியின் கரை. பகல் பதினொரு மணிக்கு அது வேறு இடம்.

கூத்துக்காரர்களின் நாள் நம் நாளைப்போல நகராது. சாயங்காலம் ஏழு, எட்டு மணிக்கு முகத்துக்கு அரிதாரம் குழைக்க உட்காருவார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கட்டி, சலங்கை முடிந்து, பத்து மணிக்கு மேல் கூத்தைத் தொடங்கி வைக்கிற கட்டியங்காரன் வந்தால் விடிகிறவரை ஆட்டம். வேஷம் கலைத்துக் குளித்துச் சாப்பிட ஒன்பது மணி ஆகிவிடும். பிறகுதான் தூக்கம். அந்தத் தூக்கம்தான் அடுத்த ராத்திரியின் குரல். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. எங்கள் ஊர்க் கோயில்களில் புளியமரத்தடியில் பகலெல்லாம் அவர்கள் தூங்குவதைப் பார்த்தவன்தான். ஆனால் கூடாரம் என்றதும் மனம் ராத்திரியைத்தான் நினைத்தது. கூடாரத்தில் ராத்திரி படுப்பார்கள், காலையில் எழுந்து கடல் பார்ப்பார்கள் என்று, சுற்றுலா வருகிறவர்களுக்குப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டேன்.

முதல் ராத்திரிக் கூத்து முடிந்த பகலில், நைலான் கூடாரத்துக்குள் மனிதன் இருக்க முடியவில்லை. மணல் கொதிக்கிறது. நிழலுக்கு ஒரு மரம் இல்லை. கர்ணன் வேஷம் கட்டிய வாத்தியார், வயது அறுபதைத் தாண்டியவர், துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு லாரிக்கு அடியில் போய்ப் படுத்திருந்தார். நான் போய்க் குனிந்தபோது கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எடம் அழகாத்தான் இருக்கு தம்பி. கண்ணு மூட முடியல." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்று ராத்திரி அவர் குரல் உச்சத்துக்கு ஏறவில்லை. பம்பையும் அன்றுதான் இறங்கியது.

பம்பைக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். இரண்டு உருளைகளைச் சேர்த்துக் கட்டிய வாத்தியம் அது. ஒன்று மரம், ஒன்று வெண்கலம். முகமெல்லாம் தோல். தோல் ஈரத்தைக் குடித்தால் தளரும், சுருதி இறங்கும். தப்பு என்கிற பறைக்கும் அதே கதி. எங்கள் பக்கத்து வறண்ட காற்றில் ஒருதரம் காய்ச்சினால் ஒரு வரிசை முழுக்க நிற்கும். கடலோரத்தில் காற்றே ஈரம், அதன்மேல் பனி. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், தோலுக்கு அது எம்மாத்திரம்? மணிக்கு இரண்டுதரமாவது நெருப்பில் காட்ட வேண்டும். நாங்கள் இறங்கியிருந்த இடத்தில் கூடாரத்துக்குக் கூடாரம் ஐந்தடி இடைவெளி, எல்லாம் பற்றிக்கொள்ளும் துணி, கடற்காற்று நேரே அதன்மேல் அடிக்கிறது. நெருப்பு கூடாது என்று நானே சொல்லி வைத்திருந்தேன். கடைசியில் பையன்கள் கால் மைல் தள்ளி ஓடி, செத்தை கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டு ஓடி வந்தார்கள். மேடை ஏறுவதற்குள் பாதிச் சூடு போயிருக்கும். ஆர்மோனியத்தில் இரண்டு கட்டை அழுத்தினால் எழும்பவில்லை. அதற்கு யாரும் எதுவும் செய்ய முடியவில்லை.

மறுவருஷமும் கூப்பிட்டார்கள். வாத்தியாரிடம் போய் நின்றேன், வருவீர்களா என்று. "நீ மொதல்ல ஒரு நாள் அங்க படுத்துட்டு வா" என்றார்.

போனேன். ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுபடி ஒரு பகல். ஒரு ஜமுக்காளம், ஒரு தண்ணீர்க்குடம், ஒரு தப்பு. தப்பைக் கையோடு எடுத்துப் போனது வாத்தியார் சொல்லித்தான். எந்த இடத்தில் எவ்வளவு நேரத்தில் தளர்கிறது என்று தட்டித் தட்டிப் பார்த்தேன். அலையோரத்தில் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. சவுக்குத் தோப்புக்கு மேற்கே, உள்தள்ளிப் போனால் அதே தப்பு முக்கால் மணி நேரம் பேசியது.

குப்பத்துப் பெரியவர் ஒருவர் என்னோடு நடந்தார். என் பழைய இடத்துக்கு வடக்கே, இன்னும் தட்டையாக, இன்னும் அகலமாக ஒரு மணல்வெளி கிடந்தது. படகு இல்லை, வலை இல்லை. இதைக் கேட்டால் கொடுப்பீர்களா என்றேன். அவர் தலையை ஆட்டினார். "காலியா கெடக்குன்னு பாக்கறீங்க. காலையில வந்து பாருங்க."

காலையில் பார்த்தேன். கரைவலை இழுக்கிற இடம் அது. படகு வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்ததும், இரண்டு கயிறு, கயிற்றுக்கு இருபது பேருக்குக் குறையாமல். கடலைப் பார்த்து நின்று, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடந்து இழுக்கிறார்கள். கடைசியில் இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு முன்னே ஓடிப்போய்ப் பிடிக்கிறார். இழுக்க இழுக்க ஒருவர் குரல் கொடுக்கிறார், மற்றவர்கள் வாங்குகிறார்கள். அம்பாப் பாட்டு. மோட்டார் படகு வந்தபின் பாட்டின் தேவை குறைந்துவிட்டது, கரைவலையில்தான் கொஞ்சம் மிச்சம் என்றார் பெரியவர். அந்தப் பாட்டுக்கு நாற்பது ஐம்பது அடி பின்னோக்கி நடக்க இடம் வேண்டும். அந்த இடத்தில்தான் நான் கூடாரம் அடிக்கப் பார்த்தேன். நாட்டுப்புறப் பாட்டு கேட்கவென்று எடுக்கிற விழாவில், அந்தக் கரையின் சொந்தப் பாட்டு நடக்கிற தரையைக் கூடாரத்தால் மூடியிருப்பேன். நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு எதையும் அவரைக் கேட்காமல் செய்யவில்லை. அலை எதுவரை வரும் என்று கேட்டேன். மணலில் படர்ந்திருந்த அடம்பங்கொடியைக் காட்டினார். ஊதாப் பூ, மாட்டுக் குளம்பு மாதிரி இலை. "அது வேர் புடிச்ச எடத்துக்கு மேல போங்க. பௌர்ணமிக்கும் மறுநாளும் ஓதம் ஏறும், அப்பக்கூட அதத் தாண்டி வராது. பொயல் வந்தாத்தான் வேற கத." கொடிக்கு மேலே ராவணன் மீசைப் புல், அதற்கும் மேலே தோப்பு. எந்த அளவுகோலும் இல்லாமல் கரை தன் எல்லையைத் தானே எழுதி வைத்திருக்கிறது.

தண்ணீருக்கும் அப்படித்தான். தோப்புக்குள் ஊற்று தோண்டினார்கள். இரண்டு முழத்தில் தண்ணீர், வாயில் ஊற்றினால் இனிப்பு. நான் கடப்பாரைக்காரன், இன்னும் ஆழம் போனால் நிறைய வருமே என்று மண்வெட்டியை எடுத்தேன். கையைப் பிடித்துவிட்டார். மழைத் தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டுதான் இருக்கும், ஆழம் போனாலும் ஒரேயடியாக இறைத்தாலும் கீழே இருக்கிற உப்பு ஏறிவிடும். அதனால் ஒரு பெரிய குழிக்குப் பதில் தள்ளித் தள்ளி நாலு சின்ன ஊற்று. குளிக்கவும் புழங்கவும் அது, குடிக்கவும் சமைக்கவும் டேங்கர். கழிப்பறையை ஊற்றிலிருந்து எட்டத்தில், நிலத்தடி நீர் கடலை நோக்கி நகரும் பக்கமாகக் கீழே வைத்தோம். பெண்கள் கழிப்பறைக்குத் தனி வழி. முந்தின வருஷம் கோலாட்டத்துக்கு வந்த பெண்கள் இருட்டில் ஆண்கள் கூடாரங்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ராத்திரித் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார்கள் என்று பிறகுதான், ஒரு அக்கா என் மனைவியிடம் சொல்லித் தெரிந்தது.

சவுக்குத் தோப்பில் நிழல் சன்னமானதுதான், ஆனால் காற்று புகுந்து வரும். காலையில் கரைக்காற்று, பத்து பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று, இரண்டையும் தோப்பு வடிகட்டிக் கொடுக்கும். நைலான் கூடாரங்களை விட்டுவிட்டு, அப்பா காலத்து மாதிரி நாலு பக்கமும் திறந்த கீற்றுக் கொட்டகையே போட்டேன். பக்கவாட்டில் பாயைச் சுருட்டிக் கட்டியிருக்கும், வெயில் சாய்கிற பக்கம் இறக்கிக்கொள்ளலாம். தென்னை இருக்கிற மூலையை விட்டுவிட்டோம், மட்டையும் காயும் யார் தலையைப் பார்த்து விழும் என்று சொல்ல முடியாது. மணலில் முளைக்குச்சி நிற்காது. சாக்கில் மணலை நிரப்பி, கயிற்றை அதன் நடுவில் கட்டி, இரண்டடி ஆழத்தில் குறுக்காகப் புதைத்து மிதித்துவிட்டால் கொட்டகை அசையாது. குப்பத்துப் பையன்கள் சொல்லிக் கொடுத்தது இது.

நெருப்புதான் பெரிய யோசனை. சவுக்குச் சருகு ஊசி ஊசியாய் மெத்தைபோல் கிடக்கும், ஒரு பொறி போதும். தோப்பிலிருந்து நன்றாகத் தள்ளி, மேடையின் பின்புறத்தில், ராத்திரிக் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் பொறி மணலில் விழும்படி ஒரு இடம் பார்த்தோம். இடுப்பளவுக்கு மணல் மூட்டை அடுக்கி வளையம் கட்டினேன். உள்ளே வைக்கோல், பக்கத்தில் தண்ணீர் வாளிகள், அதற்கென்றே ஒரு ஆள். கடல் பக்கம் வெளிச்சம் தெரியக்கூடாது என்று வளையத்தின் கிழக்குச் சுவரை உயர்த்தினோம், டியூப்லைட்டுகளையும் மேற்கே திருப்பினோம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அந்தக் கரையில் ஆமை முட்டையிட ஏறும். வெளிச்சத்தைக் கண்டால் தாய் ஆமை ஏறாமல் திரும்பிவிடும், குஞ்சுகள் கடலென்று நினைத்து வெளிச்சத்தை நோக்கி நடக்கும். பெரியவர் சொன்னதும் விழாக் குழுவினரும் ஒத்துக்கொண்டார்கள்.

2019 மாசியில் பம்பை அண்ணன் அந்த வளையத்துக்குள் உட்கார்ந்து தோலைக் காய்ச்சினார். சூட்டுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, பம்பையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, நடுவிரலால் தட்டினார். இன்னும் கொஞ்சம் காட்டினார். மறுபடி தட்டினார். அந்தச் சத்தம் தோப்பைத் தாண்டிக் குப்பத்துத் தெருவரை போனது. அவர் என்னைப் பார்க்கவில்லை, எழுந்து மேடைக்குப் போய்விட்டார்.

மறுநாள் பகல் பதினொரு மணிக்குத் தோப்புக்குப் போனேன். கொட்டகையில் வரிசையாகத் தூங்குகிறார்கள். வாத்தியார் ஒருக்களித்துப் படுத்திருந்தார், காதோரம் அரிதாரம் இன்னும் முழுசாகப் போகவில்லை. கிரீடங்களும் புஜக்கட்டைகளும் குறுக்குக் கம்பில் தொங்கின, அதில் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளின் வெளிச்சம் தூங்குகிறவர்கள்மேல் அங்கங்கே விழுந்தது. கருவாட்டுக் கூடையோடு அந்தப் பக்கம் வந்த குப்பத்து அக்கா ஒருவர் சத்தமாக யாரையோ கூப்பிட வாயெடுத்தவர், கொட்டகையைப் பார்த்ததும் நின்றார். கூடையை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டார்: "எல்லாம் தூங்குதுங்களா?"

ஆமாங்கக்கா என்றேன். சரி என்று தலையசைத்து, சருகு நொறுங்காமல் இருக்க மணல் பக்கமாக இறங்கிச் சுற்றிப் போனார்.