அந்த ஒரு யெஸ்

கூட வேலை பார்க்கும் அண்ணாவைப் பற்றி மேனேஜர் கேட்டது ஆறே சொல். "யூ டோன்ட் திங்க் ஹி வாஸ் கேர்லெஸ்?" நான் சொன்னது, "யெஸ், யெஸ்."

அந்தக் கேள்வி எனக்குள் தமிழாகத்தான் இறங்கியது. அவர் அசட்டையாக இருந்தார் என்று நீ நினைக்கவில்லை, அப்படித்தானே? ஆமாம், நினைக்கவில்லை. வீட்டில் "இன்னும் சாப்பிடலையா?" என்று கேட்டால் "ஆமா, சாப்பிடலை" என்கிறோம். கேட்டவர் நினைப்பது சரி என்று ஒத்துக்கொள்வது நம் ஆமாம். ஆங்கிலத்து யெஸ் அப்படி இல்லை. பின்னால் 'ஐ டூ' வந்தால் யெஸ், 'ஐ டோன்ட்' வந்தால் நோ. நான் சொல்லியிருக்க வேண்டியது "நோ, ஐ டோன்ட்." மூன்று சொல்லில் அண்ணா தப்பித்திருப்பார்.

குளிர் அளவு குறிக்கும் பதிவேட்டில் ராத்திரி இரண்டு மணிக் கட்டம் காலியாக இருந்ததுதான் விஷயம். ஐரோப்பாவுக்குப் போகும் ஆரஞ்சுக்கு 2022-ல் பூச்சிக் கட்டுப்பாடு இறுகியதிலிருந்து, பூச்சியைக் கொல்லும் குளிர் அளவுக் கணக்கில் யாரும் விளையாடுவதில்லை. அன்று ராத்திரி வெளியே ஒரு ரீஃபர், அதாவது குளிர்பதன, கன்டெய்னரில் அலாரம் அடிக்கிறது என்று அண்ணா ஓடினார். டார்ச் பிடித்தது நான். பிளக்கைக் கழற்றி, ஈரத்தைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி சொருகினார். திரும்பி வரும்போது மூன்று மணி ஆகப் பத்து நிமிடம்தான் இருந்தது. அந்த மனிதரை அசட்டை என்று நான் எப்படிச் சொல்வேன்?

ஆனால் சொல்லிவிட்டேன். மேனேஜர் "ஷேம்" என்றார். தென்னாப்பிரிக்காவில், இந்த டர்பனில், அது 'ஐயோ பாவம்'. வந்த புதிதில் திட்டுகிறார்கள் என்று நினைத்துச் சுருங்கிப் போவேன், பிறகு பழகிவிட்டது. அண்ணாவுக்காகப் பரிதாபப்படுகிறார், நம் பக்கம் வந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று வருடமாக டர்பனில் ஆங்கிலத்தில்தான் பிழைக்கிறேன். பள்ளியில் படித்த "ஐ அக்ரீ வித் யூ" இங்கே யார் வாயிலும் வருவதில்லை. ட்ரூ, எக்ஸாக்ட்லி, ஷார்ப் என்று முடித்துவிடுகிறார்கள், ஜூலு பேசுகிறவர்கள் யேபோ என்கிறார்கள். ஒருவர் "ஐ டோன்ட் லைக் இட்" என்றால் கூடச் சேர்ந்துகொள்ள "மீ டூ" சரிவராது, "மீ நீதர்" என்கிறார்கள். இதெல்லாம் கேட்டுக் கேட்டு வந்தது. ஆப்பிரிக்கான்ஸிலிருந்து வந்த ஒரு வழக்கம் வேறு உண்டு: "யா, நோ" என்று ஆமாமையும் இல்லையையும் ஒரே மூச்சில் சொல்லி ஒத்துக்கொள்வார்கள். அந்த மேனேஜரே நாளுக்குப் பத்துத் தடவை சொல்வார். அப்படிப்பட்டவர் என் யெஸ்ஸை ஒரு தடவை திருப்பிக் கேட்டிருக்கலாமே என்று ஒரு நாள் தோன்றும்.

மறுநாள் அது நிற்காது. ஏனென்றால் அவர் பேனா நின்றதை நான் பார்த்தேன். என் யெஸ்ஸுக்கு அப்புறம் இரண்டு நொடி, தாளுக்கு மேலே. அப்போதே உள்ளே ஏதோ இடறியது. அந்தப் பக்கத்தின் அடியில் என் கையெழுத்தும் இருந்தது. காலிக் கட்டத்தைக் கவனிக்காமல் போட்ட கையெழுத்து. பேச்சு நீண்டால் அது மேசைக்கு வரும். அதை அந்த நொடியிலேயே நினைத்தேனா, பிறகு யோசித்து யோசித்து நானே கொண்டுபோய் அங்கே வைத்தேனா? அந்த அறையை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி தெரிகிறது. மொழிதான் கவிழ்த்தது என்று சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. பாதியாவது உண்மை அது.

அண்ணாவுக்கு எழுத்துமூல எச்சரிக்கை வந்தது. ராத்திரி ஷிஃப்டும் அதற்குரிய படியும் போயின. அவர் சாட்ஸ்வொர்த்காரர், டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் பகுதி அது. 1860-ல் தொடங்கி 1911 வரை, டர்பன் இருக்கும் நட்டாலுக்கு வந்த ஒப்பந்தக் கூலிக் கப்பல்களில் ஒன்றில் வந்தவரின் கொள்ளுப்பேரன். தேவாரத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவார். பேச்சில் அண்ணா, தம்பி, ஆயா மாதிரி சில சொற்கள்தான் மிச்சம். அதனால் என்னுடைய ஆமாமை அவருக்குத் தமிழில் விளக்கவும் வழியில்லை.

இரண்டு வாரம் கழித்து மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், என் கையெழுத்து உட்பட. "யா, நோ, ஐ ஹியர் யூ" என்றார். காதில் விழுந்தது என்கிறார், சரி என்று சொல்லவில்லை. எச்சரிக்கை இன்னும் ஃபைலில்தான் இருக்கிறது.

அன்று மாலை கேட்டுக்கு வெளியே டாக்ஸிக்கு நின்றுகொண்டிருந்த அண்ணாவிடமும் சொன்னேன். தமிழில் இல்லைக்கும் ஆமாம் சொல்வோம், அதனால்தான் இப்படி ஆகிவிட்டது என்று ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி. கடைசிவரை கேட்டார். "இஸ் இட், தம்பி?" என்றார். இங்கே அது 'அப்படியா' மாதிரி, நம்பினாலும் சொல்வார்கள், நம்பாவிட்டாலும் சொல்வார்கள். டாக்ஸி வந்தது. சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார்.