சும்மா கிடக்கிற நிலத்துக்குக் காசு

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் வந்து, "பணம் ஏறிடுச்சு, வா, என் நிலத்தைக் காட்டறேன்" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். போய் இறங்கினால் இடுப்புயரத்துக்குப் புல். மேடு பள்ளமெல்லாம் புல்தான். என்ன பயிர் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லை. ஒண்ணும் போடாம இருக்கத்தான் அரசாங்கம் காசு கொடுக்குது."

எனக்குச் சுருக்கென்றது.

நான் இருப்பது அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் தென்கோடி, மிசூரி எல்லையை ஒட்டிய ரிங்கோல்டு கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). கவுண்டி முழுக்கச் சேர்த்தாலும் ஐயாயிரம் பேர் தேறாது. எங்கள் ஊர்த் தேருக்கே அதைவிடக் கூட்டம் வரும். இந்தக் காசுக்கு இங்கே சி.ஆர்.பி. (Conservation Reserve Program) என்று பெயர். 1985 பண்ணைச் சட்டத்தில் வந்தது. மண் அரித்துப் போகிற சரிவு நிலத்தை உழாமல் புல் விட்டுவிட்டால், 10 முதல் 15 வருஷம் வரை ஆண்டுதோறும் குத்தகைப் பணம், ஒருவருக்கு 50,000 டாலர் வரை. மக்காச்சோளம், சோயா போடுகிறவர்களுக்கு விலை விழுந்தால் வேறொரு பணம். அந்தக் கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஆறு வருஷமாகிவிட்டது. கார் கண்ணாடியில் பனி சுரண்டுகிறேன், ஐந்தரைக்கே இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறேன். பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தப் புல்லைப் பார்த்ததும் மனசு மன்னார்குடிப் பக்கம் போய்விட்டது. அங்கேயும் அக்டோபர்தான். கொள்முதல் நிலைய வாசலில் குறுவை நெல் குவியல், மேலே தார்ப்பாய், பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் அப்பா. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மேலிடம் தளர்த்தினால்தான் எடுப்பார்கள். அப்பா ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடிப்பார். நொறுக்கென்று சத்தம் வந்தால் முகம் தெளியும். வராவிட்டால் தார்ப்பாயை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவருக்கும் மத்திய அரசின் காசு வருகிறது, வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. போன தடவை அதற்குக் கைரேகை வைக்க டவுனுக்குப் போனார். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த கட்டைவிரல். மூன்றாவது தடவைதான் விழுந்ததாம். "ரேகையைக்கூட நிலம் வாங்கிக்கிச்சுடா" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை ராத்திரியே அப்பாவுக்குப் போன் போட்டு இந்தப் புல் கதையைச் சொன்னேன். "தரிசு போட்டதுக்கா காசு?" என்று மூன்று தடவை கேட்டார். அப்புறம், "நம்மூர்ல தரிசு போட்டவன் வீட்டுக்குப் பொண்ணு குடுக்கவே யோசிப்பாங்க" என்றார். மண் காக்கத்தான், காட்டுக்கோழி முட்டையிடத்தான் என்று நான் இந்த ஊர்க்காரன் மாதிரி வக்காலத்து வாங்கினேன். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சரி, அதோடு விட்டது என்று பார்த்தால் மறுவாரம் அவரே கூப்பிட்டார். அம்மா உடம்பு, மழை எதையும் சொல்லவில்லை.

"ஏன்டா, இடுப்புயரம்னியே, அந்தப் புல்லுல மாடு மேயலாமா?"

"இஷ்டத்துக்கு விட முடியாதுப்பா. அனுமதி வாங்கணும்."

"மாட்டுக்குப் புல்லு போட அனுமதியா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் எங்கள் வீட்டுச் செவலை கத்தியது கேட்டது.