மூட்டு உருவாக்கத்தின் கணித மாதிரி: கணினிக் கோடு (நிரல்) எழுதும் முன் கைக்கணக்கு

கருவில் விரல் எலும்புகள் தனித்தனியாக முளைப்பதில்லை. முதலில் ஒரே குருத்தெலும்புக் கோல்தான். மூட்டு வரவேண்டிய இடத்தில் செல்கள் தட்டையாகி நெருங்கி, ஜிடிஎஃப்5 மரபணு செயல்படும் இடைவலயமாகின்றன. இதை ப்ராஜெக்டாக எடுப்பவர்கள் மூட்டு எங்கே வரும், என்ன வடிவம் பெறும் என்ற இரு கேள்விகளையும் கலக்கக் கூடாது. முட்டைக்குள்ளேயே கோழிக்கருவின் தசைகளை முடக்கினால் இடைவலயம் தோன்றும்; மூட்டுக்குழி (எலும்புகளைப் பிரிக்கும் இடைவெளி) மட்டும் விழாது. வடிவத்துக்கு இயந்திரவியல் வேண்டும். இடத்துக்கு, கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1952இல் தந்த வினை-பரவல் சமன்பாடு: ஒன்றோடொன்று வினைபுரிந்தபடி வெவ்வேறு வேகத்தில் பரவும் இரு பொருட்கள் தாமே கோலம் போடும்.

பழகுவதற்கு, இவ்வகையில் எளிதான ஷ்னாகென்பெர்க் மாதிரியே நல்லது. அதில் யூ, வீ என்பவை இரு பொருட்களின் செறிவுகள். யூவின் வினை 0.1 − யூ + யூ²வீ, வீயின் வினை 0.9 − யூ²வீ. இரண்டையும் காமா (கோலின் நீளத்தின் வர்க்கத்தோடு வளரும் அளவுரு) பெருக்கும். சமநிலை யூ = 1, வீ = 0.9. யாக்கோபியின் (சமநிலையில் வினைகளின் பகுதி வகைக்கெழுக்கள் அடங்கிய அணி) முதல் வரிசை 0.8, 1, இரண்டாவது −1.8, −1. மூலைவிட்டக் கூட்டல் −0.2, அணிக்கோவை 1. ஆக, பரவல் இல்லாவிட்டால் சமநிலை நிலையானது. பரவல் விகிதம் (வீயின் பரவல் கெழு ÷ யூவின் பரவல் கெழு) ஏறத்தாழ 8.57ஐத் தாண்டினால்தான் கோலம் பிறக்கும். 10 என்று வையுங்கள்: அலையெண்ணின் வர்க்கம் 0.2 காமாவுக்கும் 0.5 காமாவுக்கும் இடையில் விழ வேண்டும். நீளம் 1, காமா 100 என்றால் அது 20 முதல் 50. முனைகள் வழியே எதுவும் பாயாது (பாயம் சுழி) என்பதால் அனுமதிக்கப்பட்ட வர்க்கங்கள் 9.9, 39.5, 88.8 என்று போகும். 39.5 மட்டுமே உள்ளே. அதாவது யூவுக்கு நடுவில் ஒரு முகடு, அல்லது இரு முனைகளிலும் முகடு. இந்த விடை கையில் இருந்தால்தான் திரையில் வருவது சரியா என்று சொல்ல முடியும்.

கோடு வெடிப்பது (எண்கள் கட்டுமீறிப் பெருகுவது) பெரும்பாலும் காலப்படியால். கட்டப்புள்ளிகளின் இடைவெளி 0.01 எனில், வெளிப்படை முறையில் (அடுத்த படியை முந்தைய மதிப்புகளிலிருந்து நேரடியாகக் கணக்கிடுவது) காலப்படி 0.000005ஐத் தாண்டக் கூடாது. மெதுவாகப் பரவும் யூவை வைத்துக் கணக்கிட்டு 0.00005 போடுவதுதான் வழக்கமான தவறு. எதுவுமே நடக்கவில்லையா? தொடக்க மதிப்பில் 1% இரைச்சல் சேர்த்தீர்களா என்று பாருங்கள்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) சிக்கவைக்கும் இடம் வளர்ச்சி. நீளம் இரட்டித்தால் காமா நான்கு மடங்கு. 80–200 எல்லைக்குள் 88.8, 157.9 இரண்டும் நுழைந்துவிடும். எது வெல்லும் என்பதை இரைச்சலும் தீர்மானிக்கலாம். உண்மையான விரலிலோ மூட்டுகளின் எண்ணிக்கை அப்படி ஊசலாடுவதில்லை, கோல் நீள நீள ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆகவே நிலையான நீளத்தில் ஓட்டியதோடு நிறுத்தாமல், வளரும் களத்திலும் ஓட்டுங்கள்.

பிறகு பிஎம்பி (குருத்தெலும்பை வளர்க்கும் சமிக்ஞைப் புரதம்), நாகின் (அதைத் தடுக்கும் புரதம்) சேர்த்த மாதிரிக்குப் போகலாம். நாகின் மரபணு இல்லாத எலிக்கருவில் மூட்டுகள் உருவாவதில்லை. மாதிரியில் நாகினைச் சுழியாக்கிய பிறகும் இடைவலயம் தோன்றினால், அளவுருவைத் தொடாதீர்கள்; சமன்பாட்டின் அமைப்பையே மாற்றுங்கள்.