73-இல் ஓர் உச்சி

மூன்று நாளாக ஒரு பெட் (PET, தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) படலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பசை ஒட்டவே மாட்டேன் என்றது. பார்வைக்குப் படு சுத்தம். அகச்சிவப்பு நிறமாலையும் சுத்தமான பெட் என்றுதான் காட்டியது. அந்த ஒளி மைக்ரான் கணக்கில் உள்ளே போய்விடும். பசை தொடுவதோ மேலே உள்ள ஒன்றிரண்டு நானோமீட்டரை.

சரி, இன்று டோஃப்-சிம்ஸ் (ToF-SIMS) கருவியில் வைத்தேன்; மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுகளை நிறை பார்த்து அடையாளம் காட்டும் கருவி அது. பிஸ்மத் அயனிகள் மோதியதும் மூலக்கூறுத் துண்டுகள் தெறிக்கும். மின்னேற்றம் பெற்றவை குழாய்க்குள் பறக்கும். இலேசானது முந்தும், கனமானது பிந்தும். வந்து சேரும் நேரம்தான் நிறையைச் சொல்கிறது. மேற்பரப்பு சிதையாமலிருக்க, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் கோடி அயனிகளுக்குள் நிறுத்திக்கொள்வேன். கேட்கத்தான் அதிகம், மேலடுக்கில் அதைப்போல் ஆயிரம் மடங்கு அணுக்கள் இருக்கின்றன.

பெட் என்றால் 104, 149, 193 என்ற நிறைகளில் உச்சிகள் தெரிய வேண்டும். (149-ஐ மட்டும் நம்பக் கூடாது, பிளாஸ்டிக்கை நெகிழவைக்கச் சேர்க்கும் தாலேட்டும் அதே இடத்தில் வரும். 193-உம் இருந்தால்தான் எனக்குத் திருப்தி.) மூன்றும் குட்டையாகக் கிடந்தன. 73-உம் 147-உம் ஓங்கி நின்றன. பார்த்ததுமே புரிந்துவிட்டது, இரண்டும் பசையை ஒட்டவிடாத சிலிகோனின் அடையாளம்! எங்கிருந்தோ வந்து, மெல்லிய போர்வையாகப் படர்ந்திருக்கிறது.

ஹெக்சேன் என்ற கரைப்பானில் கழுவி மறுபடி வைத்தேன். 73 சரிந்தது, 193 எழுந்தது. அந்த நொடியில் வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அப்புறம், படலம் வைத்திருந்த பையின் உட்புறத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி வைத்துப் பார்த்தேன். அதே 73, அதே 147.