தம்பியின் கை

8 ஜூன் 2025, ஞாயிறு

தம்பி ராணிப்பேட்டையிலிருந்து வந்திருக்கிறான். கத்திரி முடிந்தும் குறையாத இந்த வேலூர் வெயிலில் முழுக்கைச் சட்டை. சாப்பிட்டுக் கை கழுவச் சட்டையை மடித்தபோதுதான் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே தோசைத் திருப்பி அகலத்துக்கு ஒரு சூடு, பக்கத்திலேயே ஆறிப்போன பழையது ஒன்று. "தோசை ஊத்தும்போது பட்டுச்சுக்கா" என்றான். அவன் தோசை ஊற்றி நான் பார்த்ததே இல்லை.

ராத்திரி மொட்டை மாடியில்தான் சொன்னான். மனைவி அடிப்பது மூன்று வருஷமாக நடக்கிறதாம். கன்னத்தில் அறைவது, கையில் கிடைத்ததை எடுத்து வீசுவது, சூடு. இரண்டு முறை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டியதில் பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறான். எல்லாம் கேட்டுவிட்டு என் வாயில் வந்த முதல் வார்த்தை, "நீ என்னடா பண்ண?" அதோடு அவன் பேச்சை நிறுத்திவிட்டான்.

9 ஜூன், திங்கள்

தூக்கமே இல்லை. போன வருஷம் பக்கத்து வீட்டுப் பெண் உதடு கிழிந்து வந்து நின்றபோது தண்ணீர் கொடுத்தேன், எங்கே வலிக்கிறது என்று கேட்டேன், பெண்கள் உதவி எண் 181-க்கு நானே போன் போட்டேன். நீ என்ன செய்தாய் என்று அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடப் பிறந்தவனைக் கேட்டிருக்கிறேன்.

காலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் மெதுவாக, ஏன்டா, கையையாவது பிடித்துத் தடுத்திருக்கலாமே என்றேன். "பிடிச்சா அவ கையிலதான்க்கா தடம் விழும். ஸ்டேஷன்ல எதைப் பார்ப்பாங்க?"

அம்மாவுக்கோ, வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்கும் என்கிற கவலை.

11 ஜூன், புதன்

ஆஸ்பத்திரி. ஏ.ஆர்., அதாவது காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேடு, எழுதுகிற இடத்தில், யார் சூடு வைத்தது என்று கேட்டதற்கு "மனைவி" என்றான். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டாக்டர் சிரிக்கவில்லை, இரண்டு காயத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டார்.

17 ஜூன், செவ்வாய்

சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். 2005-ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் என்றால் பெண் மட்டும்தான், அதில் இவன் மனு போட முடியாது என்றார். முகம் விழுந்துவிட்டது அவனுக்கு. ஆனால் அடி, காயம் எல்லாம் பொதுவான குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் யார் செய்தாலும் குற்றம்தானாம். சூடான பொருளால் காயப்படுத்துவது 118-ஆம் பிரிவு, 3 வருஷம் வரை சிறை. இந்து திருமணச் சட்டத்தில் கொடுமையைக் காரணம் காட்டிக் கணவனும் விவாகரத்து கேட்கலாம். ஏ.ஆர். நகலையும் போட்டோவையும் தொலைத்துவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு, பார்த்தாயா, பெண்களுக்கான சட்டமே தேவையில்லை என்று யாரும் என்னிடம் வர வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெண் இன்று உயிரோடு இருப்பது அந்தச் சட்டத்தால்தான் என்று நான் நம்புகிறேன். அவளுக்குத் திறந்த மாதிரி ஒரு கதவு இவனுக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

21 ஜூன், சனி

புகார் கொடுக்க அவனுக்கு இன்னும் மனசு வரவில்லை. நான்கு வயசு மகள் அங்கே இருக்கிறாள், தினமும் ராத்திரி போனில் "அப்பா எப்ப வருவே" என்கிறாள். கொடுக்கச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. நாளைக்கு வாலாஜாவில் அவன் மனைவியின் அண்ணன் வீட்டில் பேச்சு. அவனைத் தனியாக அனுப்புவதாக இல்லை, நானும் போகிறேன். ஏ.ஆர். நகல் என் பையில் இருக்கிறது.