அத்திப்பழம் எப்போ பறிக்கணும்?

காரைக்குடிப் பக்கம் வீட்டுக் கொல்லையில் சீமை அத்தி வச்சிருக்கவங்களுக்கு. (நாட்டு அத்தி வேற சாதி, அதை இதோட குழப்பிக்காதீங்க.)

நிறத்தை மட்டும் நம்பாதீங்க. பூனா அத்திங்கிற ரகம் செந்நிறம் ஏறினதுமே பழுத்த மாதிரி ஏமாத்தும். காம்பைப் பாருங்க. காய் விறைப்பா நிக்கும். பழம் கழுத்து தளர்ந்து தலை தொங்கும். லேசா அழுத்தினா காது மடல் மாதிரி மெத்துன்னு இருக்கணும். தோல்ல மெல்லிய கீறல், அடிக்கண்ணுல (பழத்தோட அடியில இருக்கிற சின்ன ஓட்டை) ஒரு சொட்டுத் தேன் மாதிரி இருந்தா அன்னைக்கே பறிச்சிடுங்க, மறுநாள் எறும்புதான் சாப்பிடும்.

காம்பைக் கிள்ளினதும் பால் வெள்ளையா வழிஞ்சா அவசரப்பட்டுட்டீங்க. மா, வாழை மாதிரி அரிசிப் பானையில போட்டுப் பழுக்க வைக்க முடியாது. பறிச்சப்புறம் மெத்துன்னு ஆகலாம், இனிப்பு ஏறாது. அந்தப் பால் கையில அரிக்கும், தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டுப் பறிங்க.

காலையில, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, காம்போட திருகி எடுங்க. ஃபிரிட்ஜில ரெண்டு மூணு நாள் தாங்கும்.

நாலு நாள் காயவிட்டு ஒரேயடியா தண்ணி பாய்ச்சினா பழம் வெடிச்சுப் புளிச்சிடும். ஐப்பசி மழையிலயும் இதே கதைதான். அணிலுக்கும் குயிலுக்கும் நமக்கு முன்னாடியே தெரிஞ்சிடும், பழுக்கத் தொடங்கினதும் வலை கட்டிடுங்க.